ஏப்ரல் முப்பது வரைக்கும்

ஸ்தொவ்னர், ஒஸ்லோ
07.11.2004

மரண அறிவித்தல்

கடையைப் பிறப்பிடமாகவும் எங்கள் வீட்டுச் சோபாவை வதிவிடமாகவும் கொண்ட திரு. றிமோட் கொன்றோல் அவர்கள் கடந்த வெள்ளிக்கிழமை மாலை பருப்புச் சட்டியில் விழுந்து காலமானார். அன்னார் திருமதி ரெலிவிசனின் பாசமிகு கணவரும், இரண்டு பற்றரிகளின் அருமைத் தந்தையும் ஆவார். அன்னாரைச் சட்டிக்குள் வழியனுப்பி வைத்தவர் என் தங்கை செல்வி யாழ், வயது ஒன்றேகால். பூதவுடல் கழுவித் துடைக்கப்பட்டு ஹீட்டரின் மேல் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. பாட்ஸ்பியோர்ட் மீன் கொம்பனி உத்தியோகத்தர்கள் உட்பட அனைவரும் இதை ஏற்றுக்கொள்ளவும்.

அன்புள்ள பிலேந்திரன் மாமா,

துக்கம் விசாரித்து முடிந்ததா? இனிச் சுகம் விசாரிப்போம். உங்கள் முழங்கை நோ எப்படி? இங்கே நாங்கள் நால்வரும் உயிரோடு இருக்கிறோம்.

உண்மையான செய்தி இனித்தான். உங்கள் அக்கா வேலைக்குப் போகிறார்! ஆறு வருடமாக "யாருக்காவது வருத்தம் வந்து வராவிட்டால் உன்னைக் கூப்பிடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்த முதியோர் இல்லம், இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து சமையலறையில் இடம் தந்திருக்கிறது. தினமும் காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரை. ஆறு மாதம் பார்ப்பார்களாம். ஏப்ரல் முப்பது தாண்டினால் நிரந்தரம், முழுநேரம், முழுச் சம்பளம். அம்மா வரும் வருடக் கலண்டரில் ஏப்ரல் பக்கத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அந்தத் தாள் இப்போதே கழன்றுவிட்டது.

யாழை மூன்றாம் மாடி சத்தியபாமா அன்ரி பார்க்கிறார். பிள்ளையைப் பார்னகாகவுக்கு, அதாவது அரசாங்கம் பணம் போட்டு நடத்தும் சிறுவர் பள்ளிக்கு, அனுப்பாமல் வைத்திருந்தால் அரசாங்கம் மாதம் மூவாயிரத்து அறுநூற்றைம்பது குறோனர் தருகிறது அல்லவா? அது அப்படியே அன்ரிக்குப் போகிறது. அரசாங்கத்தின் கை, அம்மாவின் பை, அங்கிருந்து அன்ரியின் கை. எப்படி? அந்தப் படிவத்தை நிரப்பியவரும் நான்தான். இந்த வீட்டின் வெளிநாட்டமைச்சர், கடிதத்துறை அமைச்சர், மொழிபெயர்ப்பு அமைச்சர் எல்லாம் ஒரே ஆள். நோர்வே மொழியில் எது வந்தாலும் என் வாய் வழியாகத்தான் தமிழாகும்.

கையைக் கவனியுங்கள். மீனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
ரிசாந்

•

பாட்ஸ்பியோர்ட்
28.11.2004

மருமகன் ரிசாந்துக்கு,

வெளியே இருட்டு, உள்ளே சுகம். சூரியன் போன கிழமையோடு லீவு எடுத்துவிட்டது. சம்பளத்தோடா இல்லாமலா தெரியவில்லை. முழங்கை நோ இருக்கிறது, நானும் இருக்கிறேன். அத்தான், அக்கா, யாழ்க்குட்டி எல்லோருடைய தேக நிலையையும் எழுது.

உன் மரண அறிவித்தலை இடைவேளையில் வாசித்துக் காட்டினேன். என்னோடு மீன் வெட்டுகிற கிளெமென்ற் தேநீரைக் கக்கிவிட்டான். "உந்தப் பெடியன் உருப்படமாட்டான்" என்றான். "உருப்படாட்டிலும் சிரிக்க வைப்பான்" என்றேன்.

அக்காவுடன் தொலைபேசியில் எனக்கு "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறு வராது. அதனால் உனக்கு எழுதுகிறேன். இப்போது நான் நிற்கிற இதே வெட்டு மேசையில் உன் அம்மாவும் இரண்டு வருடம் நின்றவர். என்னைவிட வேகமாக வெட்டுவார். நீ வயிற்றில் வந்ததும் நிறுத்தினார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒருவர் அவருக்கு "நிரந்தரம்" என்று சொல்லியிருக்கிறார். ஏப்ரல் முப்பது வரைக்கும் வீட்டில் சட்டி பானை உடைந்தாலும் பரவாயில்லை, அந்த வேலை உடையக்கூடாது. விளங்குதா, அமைச்சரே?

குளிர், கம்பளித் தொப்பி போடு.
மாமா

•

ஸ்தொவ்னர்
09.01.2005

அன்புள்ள மாமா,

புதுவருடம் பிறந்து ஒன்பது நாள். குழந்தை நலம், தாய்தான் களைப்பு. நான் சொன்னது வருடத்தை அல்ல, யாழையும் அம்மாவையும். யாழுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. உங்கள் சுகத்தை உடனே எழுதுங்கள்.

சத்தியபாமா அன்ரி குடும்பம் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிவிட்டது. மாத முடிவில் போகிறார்கள். தோட்டம் இருக்கிறதாம், கார் விட இடம் இருக்கிறதாம். யாழைப் பார்க்கத்தான் இனி ஆள் இல்லை.

அதே கிழமை பார்னகாகவில் இருந்து கடிதம். பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து யாழுக்கு ஒரு இடம் இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா? நான் வாசித்துச் சொன்னதும் அம்மா கை தட்டினார். அப்பா தட்டவில்லை. பென்சிலை எடுத்தார்.

"இடத்துக்கு மாசம் ரெண்டாயிரத்து எழுநூற்றைம்பது கட்டவேணும். இப்ப வாற மூவாயிரத்து அறுநூற்றைம்பதும் நிண்டுபோம். உமக்குக் கைக்கு வாறது எட்டாயிரம். நீர் வீட்டிலை இருக்கிறதுக்கும் போறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் சொல்லும் பாப்பம்?"

அம்மாவுக்கு முந்தி நான் சொன்னேன். "ஆயிரத்து அறுநூறு."

"பஸ் கார்ட்?"

"அறுநூறு."

"அப்ப ஒரு மாசம் முழுக்கச் சட்டி கழுவினால் ஆயிரம். வேலைக்குப் போறதுக்குக் காசு கட்டியெல்லோ வேலைக்குப் போறீர்."

"ஏப்ரல் மட்டும்தானே" என்றார் அம்மா.

"அதுவரைக்கும் வாடகையை ஆர் கட்டுறது? என்ரை சலவைத் தொழிற்சாலையிலை இனி மேலதிக நேரம் இல்லையாம். அன்ரியைப் போலை வேறை ஆளைப் பாப்பம். காசும் நிக்காது, வேலையும் நிக்காது."

அம்மா ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினார்.

"வேண்டாம், நன்றி" என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டது என் கை. நோர்வேக்காரருக்கு வேண்டாம் என்றால் கூடவே நன்றியும் வரும். எங்கள் வீட்டில் வேண்டாம் என்றால் சத்தம்தான் வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

அன்புடன்,
வேறு ஆள் தேடும் குழுத் தலைவர், ரிசாந்

•

பாட்ஸ்பியோர்ட்
23.01.2005

மருமகன் ரிசாந்துக்கு,

நேற்று மலைக்கு மேலே சூரியன் ஐந்து நிமிடம் தலை காட்டியது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். யாழ்க்குட்டியின் காய்ச்சல் முழுக்க விட்டதா? அக்கா சாப்பிடுகிறாரா?

உன் கடிதம் வந்ததும், நானே வந்து பிள்ளையைப் பார்ப்பமா என்று யோசித்தேன். சிரிக்காதே. எனக்கும் கஞ்சி காய்ச்சத் தெரியும். ஆனால் இங்கேயும் ஒரு கடிதம் வந்துவிட்டது. மீனை முழுதாக உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே வெட்டுவித்தால் மலிவாம். பெப்ரவரியிலிருந்து எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. நானும் அந்தப் பாதி. அரசாங்கம் கொஞ்சக் காசு தரும். அதற்கு இரண்டு கிழமைக்கு ஒருதடவை "எந்த வேலைக்கும் இன்றே வர ஆயத்தம்" என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒஸ்லோவில் இருந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு அப்படி எழுத முடியாது. எழுதாவிட்டால் அந்தக் காசும் இல்லை.

அக்காவுக்கு வீட்டில் இருக்கக் காசு. எனக்கு ஊரில் இருக்கக் காசு. இரண்டு பேரையும் கட்டிப்போட்டுத்தான் தருகிறார்கள்.

முதலாம் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. ஆள் கிடைத்ததா? உடனே எழுது.
மாமா

•

ஸ்தொவ்னர்
13.02.2005

அன்புள்ள மாமா,

வேலையில்லாதோர் சங்கத்துக்கு நல்வரவு. கையும் ஓய்வு எடுக்கட்டும். யாழ் தேறிவிட்டாள். அம்மா சாப்பிடுகிறார், நின்றபடி.

ஆள் கிடைத்துவிட்டார்! வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு, அழகன், சம்பளம் கேட்காதவர். நீங்கள் இப்போது வாசிப்பது அவருடைய கையெழுத்து.

பயப்படாதீர்கள். எல்லாம் முறைப்படிதான். முதல் கிழமை அம்மா வரும்வரை நான் யாழோடு வீட்டில் நின்றேன், வேறு வழியில்லை. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: ரிசாந் திறமான மாணவன், ஆகவே அவனுக்கு விசேட ஒழுங்கு செய்கிறோம், காலைப் பாடங்களை வீட்டில் இருந்து படிக்கலாம், மத்தியானத்துக்குப் பிறகு வந்தால் போதும்.

"உண்மையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. கெட்டிக்காரருக்கு இஞ்சை அப்படித்தான்."

"கையெழுத்து எங்கை வைக்கிறது?"

"இதிலை."

வைத்தார். பிறகும் பேனாவை மூடாமல் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டேன்.

இப்போது காலையில் நாங்கள் பஸ் ஓடுகிறோம். உடுப்புக் கூடைதான் பஸ். யாழ் பயணி, நான் சாரதி. "அடுத்த தரிப்பிடம் குசினி!" என்றால் இறங்கமாட்டாள், ரிக்கற்றும் எடுக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை என் கணிதப் புத்தகத்துக்குக் கஞ்சி ஊட்டினாள். எனக்கு ஏறாத கணக்குக்குக் கஞ்சி நன்றாகவே ஏறியது.

அம்மாவின் வேலையை நான் காப்பாற்றிவிட்டேன் மாமா. அரசாங்கம் இரண்டு தடவை, அப்பா ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை என்று எல்லோரும் கைவிரித்த இடத்தில் தனியாக நின்று காப்பாற்றியவன் நான். சிலை வைப்பதென்றால் இடப்பக்க முகம் நல்லது.

அன்புடன் சாரதி ரிசாந்

•

பாட்ஸ்பியோர்ட்
27.02.2005

மருமகன் ரிசாந்துக்கு,

சுகம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது, அதனால் உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன்.

இந்த நாட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். மீனுக்குக்கூட விசேட ஒழுங்கு இல்லை, நேரத்துக்கு மேசைக்கு வரவேண்டும். பதினைந்து வயதுப் பெடியனைக் காலையில் வீட்டில் இருந்து படி என்று ஒரு பள்ளிக்கூடம் எழுதுமா? கிளெமென்றிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் எழுதவில்லை. அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று எனக்கு அனுப்பு. எனக்கு விளங்காது. கொம்பனிக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் குன்ஹில்ட் இருக்கிறாள், அவள் வாசித்துச் சொல்லுவாள்.

அக்காவுக்கு முதுகு நோகிறதா? முன்பு நின்று வேலை செய்தால் நோகும்.
மாமா

•

ஸ்தொவ்னர்
13.03.2005

அன்புள்ள மாமா,

நலம், நலம், நலம். மூன்றுதரம் சொன்னால் உண்மை என்று அர்த்தம்.

நீங்கள் கேட்ட பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கணிதத்தில் ஆறுக்கு ஐந்து எடுத்தேன். ஆசிரியை என்னை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுகிறார்.

யாழ் "பஸ்" என்று சொல்கிறாள். அம்மா என்று சொல்வதற்கு முதல் அதைச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அது கொஞ்சம் கவலை. "நான் பகலிலை இல்லாததாலை" என்றார். "அது சும்மா" என்று சமாளித்தேன்.

அம்மாவை மேலாளர் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். ஏழு கிழமை மாமா, ஏழே ஏழு.

அவசரத்தில் முடிக்கிறேன், பயணி அழுகிறாள்.
ரிசாந்

•

பாட்ஸ்பியோர்ட்
22.03.2005

மருமகனே,

சுகமாயிரு.

உறைக்குள் உன் கடிதம் மட்டும்தான் இருந்தது. பிரதி வழியில் விழுந்திருக்க முடியாது. உறையை நன்றாகத்தான் ஒட்டியிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பனி, முதுகு, விலைவாசி எல்லாம் கதைத்தோம். பிறகு, "ரிசாந் பள்ளிக்கூடம் ஒழுங்காப் போறானோ?" என்று கேட்டேன். குழாய்த் தண்ணீரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவன் கெட்டிக்காரன், பிலேந்திரன்" என்றார். நான் "ஓம், ஓம்" என்றேன். வைத்துவிட்டார்.

நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. கேட்டால் அக்கா பதில் சொல்லியாகவேண்டும், பதில் சொன்னால் வேலையை விட்டாகவேண்டும். ஏப்ரல் முப்பதுக்கு இன்னும் ஐந்து கிழமைதானே என்று நானும் எண்ணத் தொடங்கிவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மத்தியானப் பாடங்களையாவது விடாதே.
மாமா

•

பாட்ஸ்பியோர்ட்
24.04.2005

ரிசாந்துக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தொலைபேசி எடுத்தால் அத்தான் "எல்லாரும் நல்ல சுகம்" என்று சொல்லி அக்காவைக் கூப்பிடாமலே வைத்துவிடுகிறார். யாருக்கும் வருத்தமா? யாழுக்கு ஏதாவதா?

பகிடி ஒன்றும் வேண்டாம். இரண்டு வரி எழுது.
மாமா

•

ஸ்தொவ்னர்
08.05.2005

அன்புள்ள மாமா,

யாருக்கும் வருத்தம் இல்லை. உங்களுக்கு எப்படி என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஏப்ரல் பதினான்காம் திகதி பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். அம்மாவை நேரே தொலைபேசியில் கூப்பிட்டார்கள், தமிழிலேயே. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். தமிழ்நாட்டு அம்மணி. அப்படி ஒரு ஆள் வாடகைக்குக் கிடைப்பார் என்பது இந்த மொழிபெயர்ப்பு அமைச்சருக்குத் தெரியாது.

வகுப்பாசிரியை சொல்லச் சொல்ல அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க பையன் நாற்பத்தொரு நாள் ஸ்கூலுக்கு வரலைங்க. காலைலயும் இல்ல, மத்தியானமும் இல்ல. பிப்ரவரில எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினாங்களாம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மூணு பாடத்துக்கு மார்க் போட முடியாதுன்னு சொல்றாங்க."

நான் அம்மாவின் காதில், "இந்த மனுசி பிழையாச் சொல்லுறா" என்றேன். அந்த அம்மணி அதையும் அப்படியே நோர்வே மொழியில் சொல்லிவிட்டார். அவருடைய தொழில் விதி அதுவாம், அறைக்குள் பேசுகிற எல்லாவற்றையும் சொல்லவேண்டுமாம்.

அம்மா, "நீ பேசாமல் இரு" என்றார். அதுவும் மொழிபெயர்ந்தது.

பிறகு அம்மா மெல்லச் சொன்னார்: "வரவில்லை எண்ட நோர்வேச் சொல்லு எனக்குத் தெரியும். என்ரை வேலை அட்டையிலையும் அந்தச் சொல்லுக் கிடக்கு. கடிதத்திலை அதைக் கண்டனான். தெரிஞ்சுதான் கையெழுத்து வைச்சனான். ஏப்ரல் முடியட்டும் எண்டு." மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல முதல் ஒருதடவை தண்ணீர் குடித்தார்.

அடுத்த நாள் அம்மா முதியோர் இல்லத்துக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். இன்னும் பதினைந்து நாள். மேலாளர், "ஏன் இப்போது?" என்று கேட்டாராம். "பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை." "எந்தப் பிள்ளையை?" "ரெண்டையும்." மேலாளர் நல்ல மனிதர். யாருக்காவது வருத்தம் வந்தால் கூப்பிடுகிறேன் என்றாராம்.

அப்பா, "நான்தானே அந்த இடத்தை வேண்டாம் எண்டனான்" என்று இரவுச் சாப்பாட்டில் ஒருதரம் சொன்னார். யாரும் அதை மறுக்கவில்லை. பார்னகாகவுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறோம். வரிசையின் வாலில் நிற்கிறோம். வீட்டில் இருப்பதற்கான காசு மட்டும் இருபத்தெட்டாம் திகதி சரியாக வந்தது. அம்மா இப்போது பகலில் யாழோடு இருக்கிறார். யாழ் அவரையும் பஸ் ஓடச் சொல்கிறாள். அம்மாவுக்குத் தரிப்பிடங்கள் தெரியாது.

இத்துடன் முடித்தால் நான் நல்ல பிள்ளை. முடிக்க முடியவில்லை மாமா.

கூட்டத்தின் கடைசியில் அம்மா, "என்ரை பிள்ளை எனக்காகத்தான் செய்தவன்" என்றார். அது மொழிபெயர்ந்ததும் ஆசிரியையின் கண் கலங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் இரண்டு கிழமை உண்மையாகவே அம்மாவுக்காகத்தான். பிறகு எனக்குப் பிடித்துவிட்டது. கணிதம் இல்லை, பரீட்சை இல்லை, ஒருவரும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பதில்லை. அம்மா வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் என்று போய்க் கடைத்தொகுதி மரவாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஆறுக்கு ஐந்து என்று எழுதினேனே, அது அந்த வாங்கில் வைத்துத்தான் எழுதியது.

இன்னொன்றும் இருக்கிறது. மார்ச் முதல் கிழமை இரண்டாம் மாடி நிருஜா அக்கா வந்து கதவைத் தட்டினார். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். தனக்கு இனிப் பின்னேரம்தான் வகுப்பு, காலையில் யாழைப் பார்க்கலாம், அன்ரிக்குக் கொடுத்த அதே காசு போதும் என்றார். அம்மாவிடம் சொல்லச் சொன்னார். யாழ் கூடைக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அடுத்த நாள் காலை கணிதம்.

"ஆள் இருக்கு அக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நேற்றும் அப்பாவிடம், "அவனை ஏசாதையுங்கோ, எனக்காகச் செய்தவன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். யாழின் கூடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

கையைக் கவனித்துக்கொள்ளுங்கள் மாமா. இந்தக் கடிதத்தைக் கிளெமென்ற் அங்கிளுக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

ரிசாந்